புத்தகமும் விடுதி அறையும்: பல்கலைக்கழகம் போகும் தோட்டத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் சின்னதாக ஓர் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். போட்டோஸ்டேட், பிரிண்ட், பைண்டிங் எல்லாம் உண்டு. யூ.பி.யூ., அதாவது அரசுப் பல்கலைக்கழக நுழைவு முடிவு வந்துவிட்டால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து அம்மா, அப்பா, பிள்ளை என்று குடும்பமாக வந்து நிற்பார்கள். கைபேசியில் இருக்கும் கடிதத்தை அச்செடுக்க வருகிறவர்கள், அச்செடுத்த பிறகும் போகமாட்டார்கள். ஏதோ கேட்க வேண்டும், ஆனால் எப்படிக் கேட்பது என்று தயங்குவார்கள்.

எனக்கு அந்தத் தயக்கம் தெரியும். என் அம்மா பால்மரம் சீவியவர். எங்கள் லயத்திலிருந்து (தோட்டத்துக் குடியிருப்பு வரிசை) பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை நான். 2007-இல் எனக்குக் கடிதம் வந்த வாரமே அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அந்தக் காசில் பாதிக்கு மேல் தேவையில்லாத பொருளுக்கும் திறக்காத புத்தகத்துக்கும் போனது. கேட்டுச் சொல்ல ஆள் இருந்திருந்தால் அந்தச் சங்கிலி அப்போது வீட்டிலேயே இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

கடிதம் வந்துவிட்டது. இப்போதே புத்தகம் வாங்கத் தொடங்கலாமா?

வேண்டாம். ஒரு புத்தகம்கூட வேண்டாம்.

நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்துக்குப் பொதுவாக 14 வாரம் பாடம் நடக்கும். முதல் ஓரிரண்டு வாரத்தில் பாடத்தை மாற்றலாம், கைவிடலாம், புதிதாகச் சேர்க்கலாம். வகுப்பு தொடங்கும்போது விரிவுரையாளர் பாடத்திட்டத் தாளைக் கொடுப்பார். அதில் முதன்மை நூல் எது, துணை நூல்கள் எவை என்று பிரித்துப் போட்டிருக்கும். துணை நூல் பட்டியலில் ஐந்தாறு பெயர் இருக்கும். அவற்றை வாங்கச் சொல்லவில்லை, நூலகத்தில் புரட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

எனக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு வளாகத்துக்கு வெளியே இருந்த ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர், 'எல்லாம் கட்டாயம், நாளைக்கு ஸ்டாக் இருக்காது' என்றார். ஐந்து புத்தகத்துக்கு ஏறக்குறைய 400 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். மூன்று விரிவுரையாளர்கள் தங்கள் சொந்தக் குறிப்புகளை வைத்தே பருவம் முழுவதும் நடத்தினார்கள். அந்த மூன்று புத்தகமும் இன்னும் புதிதாகவே இருக்கின்றன.

மூன்றாவது வாரம் வரை பொறுங்கள். விரிவுரையாளர் எந்தப் புத்தகத்திலிருந்து பயிற்சிக் கணக்கு கொடுக்கிறார் என்று பாருங்கள். அதுதான் வாங்க வேண்டிய புத்தகம்.

மூன்று வாரம் புத்தகம் இல்லாமல் பின்தங்கிவிட மாட்டேனா?

மாட்டீர்கள். நூலகம் இருக்கிறது. அதிகம் கேட்கப்படும் பாடநூல்களைத் தனியாக எடுத்து வைத்து, சில மணி நேரத்துக்கோ ஒரே ஓர் இரவுக்கோ மட்டும் கொடுப்பார்கள். சில இடங்களில் இதற்கு 'ரெட் ஸ்பாட்' என்று பெயர். மாலை கடைசி நேரத்தில் எடுத்து மறுநாள் காலை முதல் ஆளாகத் திருப்பிக் கொடுத்தால் ஓர் இரவு முழுக்கப் படிக்கலாம். தாமதமானால் அபராதம் மற்ற நூல்களைவிடக் கூடுதலாக இருக்கும், அதில் மட்டும் கவனம். பழைய தேர்வுத் தாள்களையும் பல நூலகங்கள் இணையவழி வைத்திருக்கின்றன. முதல் வாரத்தில் நடக்கும் நூலக அறிமுக வகுப்பைத் தவறவிடாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் பெரிய காசை மிச்சப்படுத்தும்.

பி.டி.பி.டி.என். (அரசாங்கக் கல்விக் கடன்) காசு வந்ததும் வாங்கிக்கொள்ளலாமா?

கடன் கணக்கில் ஏற நாளாகும். கல்லூரி திறந்து சில வாரம் கழித்துத்தான் பலருக்குக் கிடைக்கிறது. அதுவரை கைச்செலவுக்கு வேறு வழி வேண்டும்.

முதலில், சிம்பான் எஸ்.எஸ்.பி.என். என்ற பி.டி.பி.டி.என். சேமிப்புக் கணக்கு இல்லாமல் கடனுக்கு விண்ணப்பிக்க முடியாது. அதை இப்போதே திறந்துவிடுங்கள். அடுத்தது, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அரசு உயர்கல்விக் கூடங்களுக்குப் போகும்போது 1,500 வெள்ளி முன்பணம் கேட்கலாம். இது தனி உதவித்தொகை கிடையாது, பின்னால் வரும் கடனிலிருந்து கழித்துக்கொள்வார்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்றே நம் ஆட்களில் பலருக்குத் தெரியவில்லை. தகுதி உண்டா என்று பி.டி.பி.டி.என். செயலியிலோ கிளையிலோ கேளுங்கள்.

அப்பா அம்மாவுக்கு ஊழியர் சேமநிதி இருந்தால், பிள்ளையின் உயர்கல்விக்காக அதிலிருந்து எடுக்க வழியுண்டு. 2024 மே மாதம் கணக்கு மூன்றாகப் பிரிந்த பிறகு, கல்விக்கான பணம் செஜாத்ரா கணக்கிலிருந்து வருகிறது. சங்கிலியை அடகு வைப்பதற்கு முன் இந்த இரண்டையும் விசாரியுங்கள் என்று எல்லாத் தாய்மாரிடமும் சொல்லி வருகிறேன்.

அரசாங்கம் புத்தக பற்றுச்சீட்டு கொடுக்குமே?

2012-இல் 'பாவுச்சர் புக்கு சத்து மலேசியா' என்று 200 வெள்ளி கொடுக்கத் தொடங்கினார்கள். அண்ணன் அக்கா வாங்கியதை நினைவு வைத்துக்கொண்டு பலர் இன்னும் கேட்கிறார்கள். அந்தத் திட்டம் அப்படியே தொடரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்தில் என்ன அறிவிக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் நல்லது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

விரிவுரையாளர் பன்னிரண்டாம் பதிப்பு என்கிறார். சீனியரிடம் பத்தாம் பதிப்பு இருக்கிறது. வாங்கலாமா?

எந்தப் பாடம் என்பதைப் பொறுத்தது.

கணிதம், இயற்பியல், பொது வேதியியல், புள்ளியியல் அடிப்படை என்றால் தைரியமாக வாங்குங்கள். முதலாண்டு நுண்கணிதம் உங்கள் அப்பா காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது. புதுப் பதிப்பில் படம் மாறும், அத்தியாய வரிசை கொஞ்சம் நகரும். முக்கியமாகப் பயிற்சிக் கணக்குகளின் எண் மாறும். 'அத்தியாயம் 4, கணக்கு 17' என்று விரிவுரையாளர் சொல்லும்போது உங்கள் புத்தகத்தில் அது 21-ஆக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதற்கு நண்பரின் புத்தகத்தில் கணக்குப் பகுதியை மட்டும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

வரி, கணக்கியல், சட்டம், மருந்தியல் என்றால் கதை வேறு. வருமானவரி விகிதமும் கழிவும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தோடு மாறக்கூடும். கணக்கியல் தரநிலைகள் திருத்தப்படும். சட்டம் திருத்தப்படும். மருந்தின் அளவும் எச்சரிக்கையும் மாறும். இவற்றில் பழைய பதிப்பை நம்பினால் தேர்வில் தப்பான விடையை நம்பிக்கையோடு எழுதிவிட்டு வருவீர்கள். இந்தப் பாடங்களுக்குப் புதுப் பதிப்பு வாங்குங்கள், முடியாவிட்டால் நூலகத்தில் புதியதைப் பயன்படுத்துங்கள்.

நடுவில் இருக்கும் உயிரியல், பொருளியல், உளவியல் போன்றவற்றுக்கு ஒரு பதிப்பு பழையது பரவாயில்லை. இரண்டு மூன்று பின்னால் போனால் விரிவுரையாளரிடமே கேட்டுவிடுங்கள். 'சார், பழைய பதிப்புதான் கிடைத்தது, இதை வைத்துச் சமாளிக்கலாமா?' என்று கேட்கும் மாணவரை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். எந்த அத்தியாயம் மாறியிருக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார்.

பழைய புத்தகம் எங்கே கிடைக்கும்?

முதல் இடம் உங்களுக்கு ஓராண்டு முன்னால் அதே துறையில் இருக்கும் சீனியர்கள். அவர்களின் டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் பருவ முடிவில் புத்தகம் விலைக்கு வரும். தேர்வு முடிந்து அறையைக் காலி செய்யும் அந்த ஒரு வாரம்தான் விலை அடிமட்டத்துக்கு இறங்கும் நேரம். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாமல் பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிடுவார்கள். பருவம் தொடங்கியதும் அதே புத்தகத்துக்கு எல்லாரும் தேடுவார்கள், விலையும் ஏறிவிடும். முதல் பருவம் முடியும்போதே இரண்டாம் பருவத்துக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய மாணவர் சங்கமோ தமிழ்ப் பேரவையோ உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கும். சேர்ந்தவுடன் அங்கே ஒரு முகம் காட்டிவிடுங்கள். நான் மூன்றாம் பருவத்தில்தான் போனேன். முதல் நாளே போயிருக்க வேண்டும்.

பினாங்கில் படிக்கப் போகிறீர்களா? ஜார்ஜ்டவுனில் பினாங்கு சாலையில் இருக்கும் சௌராஸ்தா சந்தையின் மேல்மாடிக்குப் போய்ப் பாருங்கள். கீழே மீனும் ஊறுகாய்ப் பழமும் விற்பார்கள், மேலே பழைய புத்தகம் கூரை வரை அடுக்கியிருக்கும். தலைமுறையாக இந்தத் தொழில் செய்யும் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளிடம் தமிழிலேயே பேசி விலை கேட்கலாம். புத்தகத்தின் பெயரைச் சொன்னால், அந்தக் குவியலில் அது எந்த மூலையில் இருக்கிறது என்று கை நீட்டுவார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் போடும் பழம்பொருள் சந்தையைப் பார்க்கலாம். ஆனால் அங்கே பாடநூலைவிடக் கதைப் புத்தகம்தான் அதிகம்.

கரோசல், ஷாப்பி போன்ற இணையச் சந்தைகளில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஐ.எஸ்.பி.என். எண்ணை, அதாவது புத்தகத்தின் அடையாள எண்ணைப் பாருங்கள். பின்னட்டையில் கோடுகளுக்கு மேலே இருக்கும். 2007 முதல் அது 13 இலக்கம், 978 அல்லது 979-இல் தொடங்கும். அட்டைப் படம் ஏமாற்றும், இந்த எண் ஏமாற்றாது. விற்பவரிடம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே இரண்டு மூன்று பக்கமும் கேளுங்கள். கோடு போட்டிருந்தால் பரவாயில்லை, சொல்லப்போனால் நல்ல மாணவர் கோடு போட்ட புத்தகம் இன்னொரு ஆசிரியர் மாதிரி. பக்கம் கிழிந்திருக்கிறதா, ஈரத்தில் ஒட்டியிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

சில புத்தகத்தோடு இணையப் பயிற்சிக்கான கடவு எண் வரும். அதை ஒருவர்தான் பயன்படுத்த முடியும். பழைய புத்தகத்தில் அது செத்துப்போன எண். உங்கள் பாடத்துக்கு அது கட்டாயமா என்று முதலில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

காசை அந்தத் தளத்தின் வழியாகவே செலுத்துங்கள். 'என் வங்கிக் கணக்கில் நேராகப் போடு, 10 வெள்ளி குறைக்கிறேன்' என்பவரிடம் வாங்காதீர்கள்.

இந்தியப் பதிப்பு மலிவாக இருக்கிறதே?

பெரிய பதிப்பகங்கள் ஒரே நூலை இந்தியாவுக்கென்று மெல்லிய தாளில், குறைந்த விலையில் போடுகின்றன. பாடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் எந்தெந்த நாடுகளில் மட்டும் விற்கலாம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். தமிழ்நாட்டுக்குப் போன சொந்தக்காரர் ஒரு பிரதி வாங்கி வந்து கொடுத்தால் படித்துக்கொள்ளுங்கள். இங்கே கடைகளில் கேட்க வேண்டியது 'குளோபல் எடிஷன்' அல்லது 'ஆசியப் பதிப்பு'. அமெரிக்கப் பதிப்பைவிட விலை நன்றாகக் குறையும், அளவைகளும் பெரும்பாலும் நமக்குப் பழகிய மீட்டர், கிலோகிராமில் இருக்கும்.

அக்கா, முழுப் புத்தகத்தையும் போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுப்பீங்களா?

மாட்டேன் தம்பி. இந்தக் கேள்வி வாரம் ஒரு முறையாவது வருகிறது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி முழு நூலையும் நகலெடுத்து விற்பது குற்றம், எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரும் மாட்டுவார். சொந்தப் படிப்புக்காக நியாயமான அளவு நகலெடுப்பதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதனால் ஓர் அத்தியாயம் கொண்டுவந்தால் எடுத்துத் தருவேன். விரிவுரையாளரின் குறிப்பு, பயிற்சித் தாள், பழைய தேர்வுத் தாள் எல்லாம் கொண்டுவாருங்கள், இரண்டு பக்கமும் அச்சிட்டு பைண்டிங் செய்து தருகிறேன்.

காசு கணக்கும் சொல்கிறேன். 800 பக்கப் புத்தகத்தை நகலெடுத்து பைண்டிங் போட்டால், ஒரு பக்கம் 10 சென் என்றாலே 80 வெள்ளிக்கு மேல் ஆகிறது. அதே நூலின் பழைய பிரதி சீனியரிடம் அதைவிட மலிவாகக் கிடைக்கலாம், படித்து முடித்துத் திரும்பவும் விற்கலாம். நகலை யாரும் வாங்க மாட்டார்கள்.

சட்டப்படி இலவசமாகவே கிடைக்கும் பாடநூல் உண்டா?

உண்டு, நல்ல தரத்திலும் உண்டு. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் பாடநூல்களை இலவசமாக வெளியிடுகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், நுண்கணிதம், புள்ளியியல், பொருளியல், உளவியல் என்று முதலாண்டுப் பாடங்களில் பெரும்பாலானவை இருக்கின்றன. பிடிஎஃப்-ஆக இறக்கிக் கைபேசியில் வைத்துக்கொண்டால் தோட்டத்தில் இணையம் விட்டுப்போகும் நேரத்திலும் படிக்கலாம். எழுதியவர்களே பகிரச் சொன்ன நூல் என்பதால் இதை என் கடையில் தயக்கமில்லாமல் அச்சிட்டுத் தருவேன்.

ஓர் எச்சரிக்கை: அவர்களின் கணக்கியல் நூல் அமெரிக்க நடைமுறையை வைத்து எழுதியது. நாம் பின்பற்றும் தரநிலை வேறு. அடிப்படை புரிந்துகொள்ள உதவும், தேர்வுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது.

வேதியியல் மாணவர்கள் லிப்ரடெக்ஸ்ட்ஸ் என்ற இலவசப் பாடநூல் தளத்தையும் பாருங்கள். சட்டம் படிப்பவர்களுக்கு நாட்டின் சட்டங்கள் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மின்நூல் இரவல் எடுக்க தேசிய நூலகத்தில் உறுப்பினராகச் சேரலாம்.

நாலு பேர் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கினால் ஒத்துவருமா?

ஒத்துவரும். எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான்.

நம் ஊர்க்காரர், ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் என்ன செய்தார்? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தனியாக ஓர் ஏக்கர் வாங்க முடியாதவர்கள் சேர்ந்து தோட்டத்தையே வாங்கினார்கள். அதோடு ஒப்பிட்டால் நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்குவது பெரிய காரியமா?

முறையாகச் செய்யுங்கள். ஒரே புத்தகத்தை நாலு பேர் வாங்குவதைவிட, நாலு பேர் ஆளுக்கு ஒரு பாடத்தின் புத்தகத்தை வாங்கிச் சுற்றிவிடுவது நல்லது. ஒவ்வொன்றும் ஒருவருக்குச் சொந்தம், அதனால் கடைசியில் யார் விற்பது என்ற சண்டை வராது. யாரிடம் எந்த நாள் என்று தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டுங்கள். தேர்வுக்கு முந்தின வாரம்தான் இந்த ஏற்பாடு உடையும். அந்த வாரம் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கால்குலேட்டர், புது மடிக்கணினி வாங்க வேண்டுமா?

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு)-க்கு வைத்திருந்த கேசியோ எஃப்எக்ஸ்-570 வகைக் கால்குலேட்டர் பெரும்பாலான பாடங்களுக்குப் போதும். பேட்டரியை மாற்றுங்கள். மடிக்கணினிக்கு உங்கள் துறைக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். கட்டடக்கலை மாணவருக்கும் கணக்கியல் மாணவருக்கும் ஒரே கணினி தேவைப்படாது.

விடுதி அறையில் என்னென்ன இருக்கும்? எதைக் கொண்டுபோக வேண்டும்?

கட்டில், மெத்தை, அலமாரி, மேசை, நாற்காலி, விசிறி. பெரும்பாலான விடுதிகளில் இவ்வளவும் இருக்கும். அறையில் இரண்டு பேர், சில இடத்தில் நாலு பேர்.

நீங்கள் கொண்டுபோக வேண்டியவை: தலையணை, மெத்தைவிரிப்பு இரண்டு, போர்வை, வாளியும் குவளையும், உடை மாட்டி பத்து, துணி காயப்போடக் கயிறும் கிளிப்பும், குளியலறைச் செருப்பு, நல்ல பூட்டு இரண்டு. பூட்டில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். ஒன்று அலமாரிக்கு, இன்னொன்று பைக்கு. மாற்றுச் சாவியை அறையில் வைக்காமல் நெருங்கிய தோழியிடமோ காசுப் பையிலோ வையுங்கள்.

விரிப்பை வாங்கும்போது அளவு கேட்பார்கள். விடுதிக் கட்டில் 'சிங்கிள்', அதாவது சுமார் 36 அங்குல அகலம், 75 அங்குல நீளம். வீட்டில் இருக்கும் பெரிய விரிப்பை மடித்துப் போட்டால் இரவெல்லாம் கழன்று வரும். 'சூப்பர் சிங்கிள்' 42 அங்குலம், அதுவும் பொருந்தாது.

வாளி, மாட்டி, கிளிப், கண்ணாடி எல்லாம் எக்கோ ஷாப், மிஸ்டர் டி.ஐ.ஒய். கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அந்தக் கடைகள் இப்போது பெரும்பாலான பல்கலைக்கழக ஊர்களில் இருக்கின்றன. இங்கிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற வேண்டாம். போனவுடன் முதல் இரவுக்கு வேண்டியது பையில் இருந்தால் போதும்: விரிப்பு, தலையணை, துண்டு, சோப்பு, பூட்டு. மற்றதை அறையைப் பார்த்த பிறகு வாங்கலாம். இரண்டு பேரும் தனித்தனியாகத் துடைப்பம் வாங்கும் கதையெல்லாம் அப்போது நடக்காது. விட்டுப்போன பொருளைத் தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

கேத்தல், அயன், ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?

கடிதத்தோடு வரும் விடுதி விதிகளை வரிக்கு வரி படியுங்கள். ரைஸ் குக்கருக்கும் மின் அடுப்புக்கும் பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை. கேத்தல், அயனுக்குச் சில விடுதிகளில் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும், சில இடங்களில் மாடிக்கு ஓர் அயன் அறை இருக்கும். மறைத்து வைத்துப் பிடிபட்டால் பொருளும் போகும், அபராதமும் வரும்.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எக்ஸ்டென்ஷன் வயரைச் சந்தையில் கிடைக்கும் மலிவான ஒன்றாக வாங்காதீர்கள். சிரிம் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம் மூன்று முள் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. 240 வோல்ட்டில் அது தாங்குவது சுமார் 3,100 வாட். கேத்தல் ஒன்றே 2,000 வாட் வரை இழுக்கும், நீராவி அயனும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டையும் ஒரே வயரில் போட்டால் 4,000 வாட் வரை போகும். ஃபியூஸ் உடனே போய்விடும் என்று நம்பக்கூடாது. மட்டமான வயராக இருந்தால் ஃபியூஸ் போவதற்கு முன் வயர் சூடேறி உருகும், பக்கத்தில் மெத்தை இருக்கும். ஒரு வயரிலிருந்து இன்னொரு வயர் மாட்டுவதும் வேண்டாம். எங்கள் விடுதியில் ஓர் அறையில் விரிப்பு கருகியதை நான் பார்த்திருக்கிறேன். அன்று யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் நல்லகாலம்.

சாப்பாட்டுக்கு என்ன கட்டிக் கொடுக்கலாம்? அம்மாக்கள் கேட்பது.

பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, வறுத்த நிலக்கடலை. இவையெல்லாம் மூடி இறுகிய டப்பாவில் வாரக்கணக்கில் நிற்கும். ஈரக் கரண்டி போடக்கூடாது என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். நெத்திலிச் சம்பல் என்றால் நன்றாக எண்ணெய் பிரிய வதக்கி, ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள். கருவாடு வேண்டாம். அறை நாலு பேருடையது.

சைவம் சாப்பிடும் பிள்ளைக்கு வளாகச் சிற்றுண்டிச்சாலையில் வகை குறைவாகத்தான் இருக்கும். வெறும் சோறு, கீரை, தவ்வூ, முட்டை என்று சமாளிக்க வேண்டும், அப்போது அந்தப் பொடி டப்பா பெரிய துணை. எறும்பு வராமல் இருக்க டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. விடுதியில் அதைச் செய்தால் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும்.

சாமி படம் வைக்கலாமா? விளக்கு ஏற்றலாமா?

சின்னப் படம் மேசையிலோ அலமாரிக் கதவின் உள்பக்கமோ வைத்துக்கொள்ளலாம். விளக்கு, சூடம், ஊதுபத்தி வேண்டாம். நெருப்பு என்பதால் விதியே தடுக்கும், புகை எச்சரிக்கைக் கருவி இருந்தால் மாடியே கீழே இறங்கி நிற்க வேண்டிவரும். திருநீற்றுப் பொட்டலம் ஒன்று போதும்.

அறைத்தோழி மலாய்க்காரராகவோ சீனராகவோ இருந்தால் முதல் நாளே எல்லாவற்றையும் பேசிவிடுங்கள்: எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, யார் எப்போது வணங்குவது, எந்தச் சாப்பாட்டை அறைக்குள் கொண்டுவரக்கூடாது. என் அறைத்தோழி கிளந்தானைச் சேர்ந்தவள். அவள் சுபுஹ் தொழுகைக்கு எழும்போது என்னையும் படிக்க எழுப்பிவிடுவாள். மூன்று ஆண்டும் எனக்கு அலாரம் தேவைப்படவில்லை.

மூட்டைப்பூச்சி, பூஞ்சணம்?

அறைக்குள் நுழைந்ததும் பையைக் கட்டிலில் வைக்காதீர்கள். மெத்தையைத் தூக்கித் தையல் ஓரங்களையும் கட்டில் மூலைகளையும் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுப் பொடி தூவினது போலக் கறுப்புப் புள்ளி இருந்தால் அன்றே அலுவலகத்தில் சொல்லி மெத்தையை மாற்றச் சொல்லுங்கள். துணியில் ஏறிவிட்டால் டோபிக் கடைக்கு எடுத்துப்போய், அதிகச் சூட்டில் உலர்த்தியில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூட்டில் அது செத்துவிடும்.

ஈரத் துணியை அலமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், புத்தகத்துக்கும் பரவும். புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் இரண்டு விரல் இடம் விட்டு வையுங்கள்.

சபா, சரவாக் கிடைத்திருக்கிறது. என்ன மாற்றம்?

எடைதான். மலிவு விமானச் சீட்டில் கைப்பைக்கு 7 கிலோ மட்டுமே, மற்றதற்குத் தனியாகக் காசு. பவர்பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். புத்தகம், வாளி, தலையணை எதையும் கொண்டுபோகாதீர்கள், அங்கேயே வாங்குங்கள். தீபகற்பத்திலிருந்து போகிறவர்களுக்கு அங்கே குடிநுழைவு நடைமுறை தனி. அடையாள அட்டையையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் கையோடு வையுங்கள், பெட்டிக்குள் போட வேண்டாம்.

'மத்த பிள்ளைங்க மாதிரி எல்லாம் வாங்கிக் கொடுக்க முடியலையே.' இதற்கு என்ன சொல்வீர்கள்?

கடையில் கண் கலங்கி இதைச் சொன்ன தாய்மார்கள் பலர். அம்மா, முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளின் பெட்டியும் வித்தியாசமாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரம் எல்லார் அறையும் ஒரே மாதிரிதான்: ஒரு மேசை, ஒரு விரிப்பு, குவிந்த தாள்கள். புதுப் பெட்டிக்கும் புதுப் போர்வைக்கும் செலவழிக்க நினைக்கும் 300 வெள்ளியைப் பிள்ளையின் கணக்கில் போட்டு, 'இது உடம்புக்கு முடியாமல் போனால், அல்லது அவசரமாக வீட்டுக்கு வர வேண்டுமானால் மட்டும்' என்று சொல்லி அனுப்புங்கள். காசு தீர்ந்தால் வெட்கப்படாமல் வீட்டில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள், இரண்டு வேளை மெகியில் ஓட்டிக்கொண்டு 'நல்லா சாப்பிட்டேன்மா' என்பார்கள். நீங்களாகவே கேளுங்கள்.

படித்து முடித்த புத்தகத்தை என்ன செய்வது?

பருவம் முடிந்த வாரமே விற்றுவிடுங்கள், அடுத்த பதிப்பு வந்துவிட்டால் விலை போகாது. விற்க மனமில்லாவிட்டால் என் கடைக்குக் கொண்டுவாருங்கள். போட்டோஸ்டேட் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பல்கலைக்கழகம், பாடத்தின் பெயர், ஆண்டு மூன்றையும் பென்சிலில் எழுதிக் கொடுங்கள். வேண்டிய பிள்ளை எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, தன் ஆண்டையும் கீழே எழுதித் திருப்பி வைக்கும். நுண்கணிதப் புத்தகம் ஒன்றில் இப்போது ஆறு ஆண்டுகள் எழுதியிருக்கின்றன. பொறியியல், கணக்கியல் நிறைய இருக்கிறது. தாதிமைப் படிப்புக்கு ஒன்றுமே இல்லை, யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள்.